உங்கள் கையால் அடுக்கவும்

கூரியர் அந்தோணி நாலு மணிக்கு வருவார். இப்போது இரண்டே முக்கால். ஒரு பெட்டி கட்ட எனக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் இந்தப் பெட்டியை நிதானமாகக் கட்ட வேண்டும், ரசித்துக் கட்ட வேண்டும். காலையில் வந்த ஆர்டர். வளைகாப்புச் செட் ஒன்று, கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையும், வலது கைக்குப் பதினொன்று, இடது கைக்குப் பத்து, அளவு இரண்டு ஆறு. பெயர் கே. பிரியதர்ஷினி, ஊர் கரூர், வெங்கமேடு. பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. கீழே, ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதவும் என்று நான் விட்டிருக்கும் கட்டத்தில் ஒரே ஒரு வரி. நீங்களே உங்கள் கையால் அடுக்கி அனுப்பவும். இந்த ஒரு வரியைக் காலையிலிருந்து எத்தனை தடவை படித்திருப்பேன். இட்லி மாவைக் கரைக்கும்போது, மின்சாரக் கணக்கெடுக்க வந்தவருக்குக் கதவைத் திறக்கும்போது, கரண்டியோடு நின்று, ஈரக்கையோடு நின்று, போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உங்கள் கையால். அந்தக் கட்டத்தில் எதை எதையோ எழுதுவார்கள். பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், மாமியாருக்குத் தெரியாமல் வர வேண்டும், பில் வைக்க வேண்டாம். என் கையை இதுவரை யாரும் கேட்டதில்லை. என் கையைப் பற்றிப் பேசியவள் இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான். பிரியதர்ஷினியாம். எழில், நீ எந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வந்தாலும் எனக்குத் தெரியும். எழிலரசி, என் கடையின் பாதி, என் கூடப் படித்தவள், என் வீட்டுச் சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்தவள். இன்றைக்கு உனக்குச் செய்கிறேன் பார்.

சந்தேக ஆர்டர் எப்படி இருக்கும் என்பதை மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பதினொரு பெட்டி. எல்லாம் வீட்டில் வாங்கிக்கொண்டு பணம் தருகிறேன் வகை. எல்லாம் இரண்டு டஜன், எல்லாம் இரண்டு இரண்டு அளவு. நாகர்கோவிலுக்கு ஒன்று, ஓசூருக்கு ஒன்று, எங்கேயோ போகும், கதவு பூட்டியிருக்கும், போன் அணைந்திருக்கும், பதினைந்து நாள் லாரி லாரியாக ஏறி இறங்கி, வாங்க மறுப்பு என்று முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வரும். வைக்கோல் வைத்துத்தான் கட்டுகிறேன், போகும்போது உடையாது, போய்த் திரும்பி வந்தால் எந்த வைக்கோல் தாங்கும். திறந்தால் பாதி சில்லு. போன வாரம் கூரியர் ஆபீசில் அந்தப் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு திரும்பி வந்துச்சுன்னா உங்க கணக்கை நிறுத்திடுவாங்க மேடம், என் கையில இல்லை," என்றாள். அவள் கையிலும் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "யாரோ வேலை வெட்டி இல்லாதவன் பண்றான், விடு பரிமளா," என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். இவருக்கு எல்லாமே விடு. நான் விடவில்லை. யார் பண்ணுவார்கள்? என் கடை மூடினால் யாருக்கு லாபம்? கரூரில் இன்னொரு வளையல் கடை போட்டு உட்கார்ந்திருப்பவளுக்குத்தானே. அந்தப் பதினொன்றும் முட்டாள்தனமாக இருந்தது உண்மைதான், ஆனால் வேண்டுமென்றே முட்டாள் மாதிரிப் போட்டிருப்பாள், நான் சந்தேகப்படக் கூடாது என்று. இன்றைக்கு வந்தது வேறு வகை. இதில் ஒரு தப்புகூட இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நிஜமாக வளைகாப்பு வைத்திருக்கிறவர்கள் தப்பில்லாமல் ஆர்டர் போட்டு நான் பார்த்ததே இல்லை. இருபத்து நாலு என்று போடுவார்கள், நான் போன் பண்ணி ஒற்றைப்படையில் வாங்குங்கம்மா என்பேன், பின்னால் மாமியார் அதைத்தானே நானும் சொன்னேன் என்று கத்துவார். கல்யாணத்தின்போது போட்ட அளவையே போடுவார்கள், ஏழாம் மாதம் கை வீங்கும்மா, சாயங்காலம் விரல் முட்டியைச் சுற்றி நூல் பிடித்து அளந்து படம் அனுப்புங்க என்பேன். இவள் ஒற்றைப்படை போட்டிருக்கிறாள், பதினொன்றும் பத்துமாகப் பிரித்திருக்கிறாள், நூல் பிடித்த படத்தைக்கூட இணைத்திருக்கிறாள், நாடகத்தில் எதுவும் குறையக் கூடாது என்று. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்படி ஒரு ஆர்டரைத் தப்பில்லாமல் போட இரண்டு பேரால்தான் முடியும். ஒருத்தி நான்.

முன்பணம் எதற்கு என்பதுதான் காலையில் கொஞ்ச நேரம் புரியவில்லை. பத்து மணிக்குக் குளிக்கும்போது புரிந்தது. தலையில் தண்ணீர் ஊற்றிய சொம்பு அப்படியே நின்றுவிட்டது. வாங்கிக்கொள்ளப் போகிறாள். இந்தத் தடவை பெட்டி திரும்பி வராது. வாங்கி, திறந்து, தரையில் கொட்டி, நாலு மிதி மிதித்து, படம் எடுத்து வாடிக்கையாளர் குரூப்பில் போடப் போகிறாள். பிரியதர்ஷினி என்கிற பாவப்பட்ட கர்ப்பிணிக்கு உடைந்த வளையல் வந்துவிட்டது, பாருங்கள், அந்தக் கை அப்படி. அந்த வரியை ஏன் எழுதினாள் என்பதும் அப்போது விளங்கியது. நீங்களே உங்கள் கையால் என்று எழுத்தில் இருந்தால்தானே நாளைக்குக் காட்ட முடியும். வளைகாப்புக்கு வந்த வளையல் உடைந்து வந்தது என்று ஒரு படம் போதும், என்னிடம் அப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள், நானே வாங்க மாட்டேன். சரி. நீ எதற்கு எழில் மிதித்துக் கஷ்டப்படுகிறாய், உன் பாதத்தில் குத்திவிடப் போகிறது. நானே உடைத்து அனுப்புகிறேன். உடைக்கக்கூட வேண்டாம், கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் மூன்று மாதச் சில்லு இருக்கிறது, எல்லாம் நீ அனுப்ப வைத்து நீ திருப்பி அனுப்பியது. உன் சொத்து உனக்கு.

டின்னை இழுத்தேன். துருப்பிடித்த மூடி, நகம் வலித்தது. திறந்ததும் சிவப்பு, பச்சை, நடுவில் தங்கப்பொடி தூவிய துண்டுகள், ஜன்னல் கம்பி வழியாக விழுகிற வெயிலில் அழகாகவே இருக்கின்றன. கீழ் வீட்டில் குக்கர் விசில். உறையூரில் இந்த மாடிக்கு வந்து ஆறு வருஷம், மதியத்தில் கீழ் வீட்டுக் குக்கர் எப்போதும் நாலு விசில், நாலாவது விசிலுக்கு நான் காத்துக்கொண்டே இருப்பேன். பெட்டிக்குள் வைக்கோல் பரப்பினேன். எடை சரியாக வர வேண்டும், இல்லையென்றால் கூரியரில் சந்தேகம் வரும், தராசில் வைத்துச் சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன், மளிகைக்கடையில் கடைசிப் பருப்பைக் கிள்ளிப் போடுகிற மாதிரி. அப்போது என்னை ஒரு பழக்கம் தடுத்தது. போன். எந்த ஆர்டரும் நான் போன் பண்ணாமல் போனதில்லை, அது இந்தக் கடையின் சட்டம், இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சட்டம். காலையில் மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. நாலாவது தடவை இப்போது அடித்தேன். ஒரு பெரியம்மா குரல். "அல்லோ, யாருங்க?" "பிரியதர்ஷினி இருக்காங்களா? வளையல் கடையிலேர்ந்து பேசறேன்." "அப்படி யாரும் இங்க..." என்று ஆரம்பித்து, சட்டென்று நின்று, "ஆமாங்க, ஆமா ஆமா, இங்கதானுங்க. அவ படுத்திருக்கா. அனுப்பி வையுங்க," என்றது. "யாருக்கும்மா விசேஷம்?" "எங்க மருமகளுக்குத்தானுங்க. வர்ற வெள்ளிக்கிழமை. நல்லபடியா வந்து சேரட்டுங்க." வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே சத்தமாகச் சிரித்தேன், தனியாக இருக்கும் அறையில் என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. பாடம் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள். பெயரைக்கூட ஒழுங்காகப் பழக்கவில்லை. மாமியாரையா இறக்கியிருக்கிறாய் எழில், வெட்கமாக இல்லையா. வர்ற வெள்ளிக்கிழமையாம். நல்லபடியாக வருமாம். வரும், வரும்.

அவள் நாடகம் போட மாட்டாள் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொய் வராது, முகத்தில் எழுதியிருக்கும். கடை ஆரம்பித்த முதல் மாதம், வளையலில் முத்து ஒட்டலாம் என்று அவள்தான் பசையை உருக்கி ஒட்டுகிற க்ளூ கன் வாங்கிவந்தாள், வாங்கிவந்த அன்றைக்கே வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே சுட்டுக்கொண்டாள், அரைநிலா வடிவத்தில் ஒரு தழும்பு. என்னிடம் பூனை பிறாண்டியது என்றாள். எந்தப் பூனை அரைநிலாவாகப் பிறாண்டும். இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரம்மா மேலே ஏறிவந்து எட்டிப் பார்த்தார். அவள் கை அவ்வளவு அழகு. இரண்டு நாலு அளவு, விரல்கள் நீளம், எலும்பு தெரியாது. கடையின் இணையப் பக்கத்தில் இருக்கிற அத்தனை படமும் அவள் கைதான், தழும்பு தெரியாமல் திருப்பிவைத்து எடுத்தது. அவள் போன பிறகும் அதை மாற்றவில்லை, மாற்ற எனக்கு வேறு கை இல்லை. என்னுடையது தடிமனான கை. புருஷனுக்குக் கரூருக்கு மாற்றல் வந்தது, போனாள், அங்கே தனியாக ஒரு கடை போட்டாள், அதுவரைக்கும் சரி. போகட்டும், பிழைக்கட்டும். அப்புறம் அந்தக் குரல் பதிவு. எங்கள் வாடிக்கையாளர் குரூப்பில், நூற்று நாற்பது பேர் கேட்க, பத்தொன்பது விநாடி. யாரோ ஒரு புண்ணியவதி வளையலை உங்களில் யார் அடுக்குகிறீர்கள் என்று கேட்க, எழில் பதில் சொல்கிறாள். தேன் ஒழுகும் குரல். "தப்பாச் சொல்லலைங்க. பரிமளாவுக்கே குழந்தை தங்கலை, வளைகாப்பு முடிஞ்ச பத்தாம் நாள் போயிடுச்சு. அவ தப்பு இல்லை அது. ஆனா கைராசி பாக்கறவங்க இருப்பாங்க இல்லியா, அவங்க எங்கிட்ட வாங்கிக்கலாம்." பத்தொன்பது விநாடியில் முடித்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் அழித்தும்விட்டாள், ஆனால் அதற்குள் எனக்குப் பத்துப் பேர் அனுப்பிவிட்டார்கள், உங்களைப் பற்றி இப்படிச் சொல்றாங்களேக்கா என்று. ஒன்றை வைத்திருக்கிறேன். மனப்பாடம். இல்லியா என்கிற இடத்தில் அவள் ஒரு மூச்சு இழுக்கிறாள், அந்த மூச்சுகூடத் தெரியும். வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அந்த அறையில் என்னோடு இருந்தவள் அவள். அந்த அறையை இப்போது நினைக்க வேண்டாம். வெயில், வைக்கோல், பெட்டி. பெட்டியைப் பார் பரிமளா.

சில்லைப் பட்டுத்தாளில் சுற்றினேன். சுற்றும்போது கவனித்தேன், நல்ல வளையலுக்குச் சுற்றுகிற அதே மாதிரி இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, முனையில் ஒரு முடிச்சு, கைக்கு வேறு மாதிரிச் சுற்றத் தெரியவில்லை. அவள் பெட்டியைத் திறக்கும் நேரத்தை நினைத்துப் பார்த்தேன், ஐந்தாறு தடவை நினைத்தேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி. கூடத்தில் உட்கார்ந்து திறக்கிறாள். இல்லை, அந்தப் பெரியம்மா எதிரில் திறக்கிறாள். இல்லை, படம் எடுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு திறக்கிறாள், பட்டுத்தாளை இழுக்கிறாள், சில்லு மடியில் கொட்டுகிறது, மிதிக்கத் தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கிறது. அவளுக்குத் தெரிந்துவிடும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த முகம் வேண்டும் எனக்கு. அதைப் பார்க்க முடியாது என்பதுதான் ஒரே குறை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அச்சடித்த சீட்டு வைப்பேன், அன்புள்ள என்று ஆரம்பித்துக் கோடு விட்டிருக்கும், அதில் பெயரை என் கையால் எழுதுவேன். வளையல் இறுக்கமாக இருந்தால் சோப்பு நுரை போட்டு அணியவும் என்று அடியில் இருக்கும். இதில் சீட்டு வைக்கலாமா? வைக்கவில்லை. ஒரு நொடி, ஒரே நொடி, நிஜமாகவே பிரியதர்ஷினி என்று ஒருத்தி இருந்தால் என்று தோன்றியது. படுத்திருக்கிற ஒருத்தி, வெள்ளிக்கிழமைக்குப் புடவை எடுத்து வைத்திருப்பவள், அவள் மடியில் சில்லு கொட்டினால்? கை தானாக வயிற்றில் போய் நின்றது. பழைய இடம். உடனே அந்த வரியைத் திரும்பப் படித்தேன். உங்கள் கையால். போயிற்று, சந்தேகம் போயிற்று. டேப்பை இழுத்தேன், பல்லால் கடித்தேன், அழுத்தித் தேய்த்தேன். லேபிளை ஒட்டினேன். நாலாவது விசில் வந்தது.

அந்தோணி பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். படி ஏறும்போதே மூச்சு வாங்கும் அவருக்கு. ஐம்பத்தெட்டு வயசு, முழங்காலில் பட்டை, ஐந்து வருஷமாக என் பெட்டிகளைத் தூக்குகிறார். "ஒண்ணே ஒண்ணுதானாம்மா இன்னைக்கு?" என்று கேட்டு, கையில் கட்டிய கருவியால் பீப் என்று ஸ்கேன் பண்ணி, பெட்டியைத் தூக்கி, காதுப் பக்கம் கொண்டுபோய் லேசாக ஆட்டினார். "என்னம்மா, உள்ள சலசலங்குது? உங்க பெட்டி சத்தம் போடாதே." "அது அப்படித்தான் அண்ணே." பார்த்தார். பைக்குள் வைத்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சொம்பைக் கொடுத்துவிட்டு நான் போனை எடுத்தேன். இனி என்ன, ஆதாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அவள் குரூப்பில் படம் போட்டால் நான் இதைப் போடுவேன், பொய்ப் பெயர், பொய் மாமியார், பொய் அளவு. ஒவ்வொன்றாகப் படம் பிடித்தேன், கடைசியாக அந்த நூல் படத்தைத் திறந்தேன். தரையில் வைத்து எடுத்த படம், சாயங்கால வெளிச்சம். ஒரு வலது கை, முட்டியைச் சுற்றி வெள்ளை நூல். கட்டைவிரலுக்குக் கீழே அரைநிலாத் தழும்பு. மாட்டினாள். மனசுக்குள் மணி அடித்தது, மாட்டினாள், மாட்டினாள், தழும்பை மறைக்கக்கூட இல்லை பார், அவசரம். விரலால் பெரிதாக்கினேன். பெரிதாக்கியதும் கை கையாக இல்லை. விரல்கள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, முட்டியில் குழி இல்லாமல், மோதிரம் கழற்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் பதிந்து. நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. இரண்டு ஆறு. எழிலுடைய அளவு இரண்டு நாலு, அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அவள் எதற்கு நூல் பிடிக்க வேண்டும்.

பொய்க்கு யாரும் நூல் பிடிக்க மாட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க மாட்டார்கள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், யாராவது கேட்டால் எனக்கு வேணாம்ப்பா, வளையல் போதும் என்று சிரிப்பாள், அந்தச் சிரிப்பை மட்டும் நான் ஒருநாளும் கிண்டல் பண்ணியதில்லை. பிறகு அந்தப் பதினொரு பெட்டி. இரண்டு இரண்டு அளவு. ஆறாவது படிக்கிற பெண்ணுக்குப் போடுகிற அளவு, எந்தக் கர்ப்பிணிக்கும் அது ஏறாது, வளையலைத் தொட்டே பார்க்காதவன்தான் பட்டியலில் முதலில் இருக்கிறதே என்று அதை அழுத்துவான். எழில் முட்டாள் மாதிரி நடித்தால்கூட விரல் அந்த அளவில் போய் நிற்காது. இது எனக்கு முதல் பெட்டியிலேயே தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். எனக்கு அது அவளாக இருக்க வேண்டியிருந்தது, அதனால் தெரியாமல் வைத்திருந்தேன். அந்தோணி சொம்பை வைத்துவிட்டு எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். கதவைத் தாண்டினார். படியில் அவர் செருப்புச் சத்தம் நாலு கேட்டது, ஐந்து கேட்டது. போகட்டும் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, என் குரல்தான், வேறு யாருடையதும் இல்லை. பத்தொன்பது விநாடி பரிமளா, நூற்று நாற்பது பேர். அவள் மடியில் கொட்டட்டும். இப்போதுதான் இன்னும் நன்றாக வலிக்கும். ஏழாவது செருப்புச் சத்தத்தில் நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அண்ணே, அந்தப் பெட்டியைக் குடுங்க."

"ஸ்கேன் ஆயிடுச்சேம்மா. எடுத்துட்டேன்னு கம்பெனிக்குப் போயிடுச்சு." "லேபிள் அதேதான் அண்ணே. எடையும் அதேதான். உள்ள மட்டும் மாத்தணும்." "மாத்தணுமா? எனக்கு இன்னும் ஆறு வீடு இருக்கு." "பத்து நிமிஷம்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறி வந்தார், முகத்தில் எரிச்சல். கட்டரால் லேபிள் படாமல் பக்கவாட்டில் அறுத்தேன். பட்டுத்தாளைப் பிரித்துச் சில்லை டின்னில் கொட்டியபோது அவர் எட்டிப் பார்த்தார். சில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வளைகாப்புக்கா இது?" என்றார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், எனக்கு அப்போதுதான் முகம் சுட்டது. அலமாரியில் இரண்டு ஆறு அளவு மூன்றாவது தட்டு. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுண்டிப் பார்க்க வேண்டும், விரிசல் இருந்தால் சத்தம் மொத்தமாக வரும், நல்லதானால் சன்னமாக. ஒன்று, இரண்டு, மூன்று. அடுக்கிக்கொண்டே இருந்தேன். அந்த அறை வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பச்சைச் சுவர், டெட்டால் வாசனை. என் கை இரண்டும் பூசணி மாதிரி வீங்கியிருக்கிறது, எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், ஊசி போட வளையலைக் கழற்ற வேண்டும், கழலவில்லை. நர்ஸ் கத்தரிக்கோலையும் துணியையும் எடுத்துக்கொண்டு வருகிறார், "உடைச்சிடலாம்மா, இனிமே எதுக்கு?" என்கிறார். எழில் என் கைக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். "ஒண்ணுகூட உடைக்கக் கூடாது. தள்ளுங்க சிஸ்டர்." வாளியில் தண்ணீரும் ஆஸ்பத்திரி சோப்பும் கொண்டுவந்து, நுரை போட்டு, என் சதையை அழுத்தி அழுத்தி, ஒவ்வொன்றாக, ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தாள். பத்தொன்பது, இருபது, இருபத்தொண்ணு, முடிஞ்சுதுடி. ஒன்றுகூட உடையவில்லை. அதே வாயால்தான் அந்தப் பத்தொன்பது விநாடியும் பேசினாள். இரண்டையும் ஒரே ஆள் செய்தாள் என்பது எனக்கு ஆறு வருஷமாக, இல்லை, ஒன்றரை வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. அவள் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன், அது அவளுக்குத் தெரியும். தன் கடையில் அலமாரி நிறைய வளையல் வைத்துக்கொண்டு என் கையைக் கேட்கிறாள். பயம். தான் சொன்ன சொல்லே தன் வயிற்றுக்குத் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம். பயப்படட்டும். நன்றாகப் பயப்படட்டும்.

இருபத்தொன்று. வைக்கோலை விரித்து, பதினொன்று ஒரு சுற்றாக, பத்து ஒரு சுற்றாக. அச்சடித்த சீட்டை எடுத்தேன். அன்புள்ள என்பதற்கு அப்புறம் இருந்த கோட்டில் பேனாவை வைத்தேன், பிரியதர்ஷினி என்று எழுதவில்லை, எழில் என்று எழுதினேன். அவள் அதைப் படிக்கும்போது அந்தப் பெரியம்மா பக்கத்தில் இருக்கட்டும், அவள் முகம் போகிற போக்கை அவராவது பார்க்கட்டும். கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. நான் எதையும் மறக்கவில்லை என்று எழுதினேன். அடிக்கோடு போட்டேன். பேனாவை மூடினேன், மறுபடி திறந்தேன். ஆஸ்பத்திரியில் உடைக்க வந்தால் கையைக் கொடுக்காதே, சோப்பு நுரை போட்டுக் கழற்றச் சொல், யாரும் கேட்கவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணச் சொல், ராத்திரியோ பகலோ, நான் வந்து கழற்றுகிறேன், ஒன்றுகூட உடையாது. சீட்டு நிரம்பிவிட்டது, என் பெயர் போட இடமில்லை. டேப் ஒட்டி நீட்டினேன். அந்தோணி வாங்கி, காதுப் பக்கம் வைத்து ஆட்டினார், இன்னொரு தடவை ஆட்டினார். "இப்ப சத்தமே இல்லியேம்மா, உள்ள வெச்சீங்களா இல்லியா?"

"இருக்கு அண்ணே," என்றேன். "இருபத்தொண்ணு. எண்ணித்தான் வெச்சேன்."